கோட்டைக் கதவைத் திறந்தது யார்?

ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஒரு கோட்டை இருந்தது. கழுகுக்கோட்டை என்று பெயர். அதற்கு மதில் உண்டு, அகழி உண்டு, கொடி உண்டு, அவர் வாயாலேயே பிறந்து வளர்ந்த ஏழு தலைமுறை வம்சமும் உண்டு. இல்லாதது கோட்டை மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, மருமகள் தன் அட்டைத் தடுப்பை நிமிர்த்தி வைத்ததும் அது எழும்பி நிற்கும். விளக்குப் போடும் நேரத்தில் தடுப்போடு சேர்ந்து மடங்கி அலமாரிக்குள் போய்விடும்.

மருமகள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். கல்யாணமாகி வந்தபோது நகைப்பெட்டியைவிடப் பத்திரமாக ஒரு துணிப்பையைக் கையில் வைத்திருந்தாள். திறந்து பார்த்தால் பகடைகள். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேஷம் ஏற்று ஆடும் கதை ஆட்டமாம். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் குறிப்புகளை மறைத்துவைத்து அவள் கதையை நடத்துவாள். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். அது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்.

"வயசானவங்க சூதாடுற வீடா இது?" என்று ஸ்டேஷன் மாஸ்டர் முதல் வாரம் எழுந்து போனார். இரண்டாவது வாரம் சம்பந்தியும் இதை ஆடுகிறவர்தான் என்று தெரிந்தது. மூன்றாவது வாரம் ஸ்டேஷன் மாஸ்டர் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்.

சம்பந்தி, அதாவது மருமகளின் அப்பா, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். "ஆயுசு பூரா பஸ் ஓட்டினேன். கடைசியில பாருங்க, என் பொண்ணே எனக்கு நடத்துநரா வந்துட்டா" என்று வாராவாரம் சொல்லி வாராவாரம் சிரிப்பவர். ஆட்டத்தில் அவர் ஒரு திருடன். இடது கையில் ஆறு விரல். "எங்க பரம்பரைக்கே ஆறு விரல்தான். பூட்டு திறக்கன்னே ஆண்டவன் எக்ஸ்ட்ராவா ஒண்ணு குடுத்தான்" என்று அதற்கும் ஒரு பெருமை. ஒரு மனிதன் விரும்பி ஏற்கிற வேஷத்தில்கூடத் திருடனாக இருப்பானா என்பது ஸ்டேஷன் மாஸ்டருக்கு இன்றுவரை விளங்காத விஷயம். அவர் ஏற்றது பிரபு வேஷம். வேறு எதையும் அவர் உடம்பு ஏற்காது.

நாலாவது ஆள் ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி. தையல் வேலை பார்ப்பவர். ஆட்டத்தில் கோடாரி வைத்த ராட்சசி. ஊர்க்காரர்களின் பேண்ட்டுகளுக்கு அடி மடித்துத் தைத்துக்கொண்டே, குண்டூசி டப்பா மூடியில் பகடையை உருட்டி, தலைகளை வெட்டுவார். மகனுக்கு ஞாயிறும் டியூட்டி. அவன் தப்பித்தான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிரச்சினை ஒரு வதந்தியில் ஆரம்பித்தது. இரண்டு தலைமுறைக்கு முன் ஓர் இரவு, எதிரிப்படை கழுகுக்கோட்டைக்குள் நுழைந்துவிட்டதாம். மதில் இடியவில்லை, கதவும் உடையவில்லை. யாரோ திறந்துவிட்டிருக்கிறார்கள். "பிரபுவோட தாத்தாதான் காசு வாங்கிட்டுத் திறந்து விட்டாராம்" என்று மருமகள் ஒரு காய்கறிக்காரியின் குரலில் சொன்னபோது, ஸ்டேஷன் மாஸ்டரின் காது நுனி சிவந்தது. சம்பந்தி அதைப் பார்த்துவிட்டார். அதுதான் பெரிய கொடுமை.

அந்த வாரமே, மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டு மருமகள் போனில் பேசியது அவர் காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்கவில்லை. தண்ணீர்த் தொட்டியின் மூடியைச் சரிபார்க்கப் போனவர், சரிபார்த்து முடித்த பிறகும் அங்கேயே நின்றிருந்தார், அவ்வளவுதான்.

"ரகசியத்தை நான் வாயால சொல்லிட்டா அதுல என்ன இருக்கு? அவங்களே கண்டுபிடிக்கணும்" என்று மருமகள் யாரோ தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒரு சாட்சி மட்டும் வெச்சா கோட்டை விட்டுடுவாங்க. எக்ஸ்ரே மாதிரிதான். ஒரே பக்கத்துலேருந்து எடுத்தா எலும்பு முறிஞ்சதே தெரியாது. நேரா ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு, சாய்ச்சு ஒண்ணு. மூணு வெச்சிருக்கேன். சுவத்துல ஒரு படம், ஒரு கிழட்டுக் காவல்காரன், அப்புறம் கதவோட பூட்டு. மூணையும் பாத்துட்டு ராணி சபைக்கு வந்தா, யாரு திறந்தாங்கன்னு தானா உடையும். ஆமா, மாமாவோட வம்சத்து விஷயம்தான். மாமா முகத்தை நினைச்சாத்தான்…"

அதற்குமேல் காற்றில் ஒரு போர்வை படபடத்தது. ஸ்டேஷன் மாஸ்டருக்கும் அதற்குமேல் தேவைப்படவில்லை. கீழே இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ராணி சபை. சம்பந்தி முன்னிலையில். தன் தாத்தா காட்டிக்கொடுத்தவர் என்று நிரூபணமாகப் போகிறது. அப்படி ஒரு தாத்தாவே கிடையாது என்கிற ஆறுதல் ஒரு கணம் எட்டிப் பார்த்தது. அதை அவர் அவமானத்தோடு விரட்டிவிட்டார். இல்லாத தாத்தாவாக இருந்தாலும் தாத்தா தாத்தாதான்.

மூன்று சாட்சிகள். மூன்றும் சபைக்கு வரக் கூடாது. தீர்மானம் ஆகிவிட்டது.

அடுத்த ஞாயிறு கோட்டையின் நிலவறையில் ஒரு பழைய சுவரோவியம் இருப்பதாக மருமகள் ஆரம்பித்தாள். "தூசி படிஞ்சிருக்கு. அந்த ராத்திரி நடந்ததை யாரோ வரைஞ்சு வெச்சிருக்காங்க. யாரு பாக்கறீங்க?"

அவள் ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பொருளை யார் பார்க்கிறேன் என்கிறார்களோ, அவர்களைச் சமையலறை வாசலுக்குக் கூட்டிப்போய்க் காதில் மட்டும் சொல்வாள். மற்றவர்களுக்குச் சொல்வதும் மறைப்பதும் பார்த்தவர் இஷ்டம்.

"நான் பாக்கறேன்" என்று சம்பந்தி எழுந்தார்.

"ராட்சசியும் பாக்கறா" என்று மனைவியும் ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்தார்.

இருவரும் போய்விட்டுத் திரும்பினார்கள். சம்பந்தியின் முகத்தில் எப்போதுமிருக்கும் அந்தச் சிரிப்பு காணாமல் போயிருந்தது. மனைவி மறுபடி நூல் கோத்தார்.

"மாமா, நீங்க?"

"அவசியமில்லை. சுண்ணாம்பு அடிக்கச் சொல்றேன்."

"படத்து மேலயா?"

"நிலவறைன்னா ஈரம் இருக்கும். சுண்ணாம்பு அடிச்சாத்தான் சுவர் நிக்கும். ஸ்டேஷன்ல வருஷா வருஷம் அடிப்போம்."

"ஒரு தடவை பாத்துட்டு அடிக்கலாமே மாமா."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? சுவர்னா சுவர்."

அப்போதுதான் சம்பந்தி தொண்டையைக் கனைத்தார். "சம்பந்தி சொல்றதுதான் சரி. சுண்ணாம்பு வாளியை நானே தூக்கிட்டு வர்றேன். ரெண்டு பூச்சா அடிச்சுடலாம்."

ஸ்டேஷன் மாஸ்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். ஆக, சம்பந்தி பார்த்துவிட்டார். தாத்தாவின் வண்டவாளத்தைக் கண்ணால் பார்த்தும், பெண் கொடுத்த வீட்டின் மானத்தைத் தன் கையாலேயே சுண்ணாம்பு பூசி மூடுகிறார். திருடன் என்று இளக்காரமாக நினைத்த மனிதர்! அந்த இரவு ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை. சம்பந்தியிடம் அவமானப்படுவது ஒரு கஷ்டம். சம்பந்தியின் பெருந்தன்மைக்கு ஆளாவது அதைவிடப் பெரிய கஷ்டம்.

இரண்டாவது சாட்சி, கிழட்டுக் காவல்காரன், மறுவாரம் இருமிக்கொண்டே வந்து சேர்ந்தான். "பிரபுவே, அன்னைக்கு ராத்திரி நான் பாத்ததை உங்ககிட்ட சொல்லாம என் கட்டை வேகாது" என்று மருமகள் அவன் குரலில் இழுத்தாள்.

"இவன் சர்வீஸ் எத்தனை வருஷம்?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"அது… நிறைய வருஷம் மாமா."

"பதவி உயர்வு குடுத்தாச்சு. வடக்கு எல்லைக்கு மாத்தல். இப்பவே கிளம்பணும். சார்ஜ் ஒப்படைக்கக்கூட நிக்க வேண்டாம்."

"அவர் ஏதோ சொல்ல வந்தாரே மாமா."

"எழுத்து மூலமா, உரிய வழியா அனுப்பச் சொல்லு."

"வடக்கு எல்லை வரைக்கும் என் குதிரையிலேயே கொண்டு விட்டுடறேன்" என்று சம்பந்தி முந்திக்கொண்டார். "வழியில எங்கயும் நிக்காது. பாயின்ட் டு பாயின்ட்."

மனைவி அரை நிமிடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு யாருடைய பேண்ட்டையோ உதறி மடித்தார். "ரெண்டு பேரும் சேந்து ஒரு கிழவனை நாடு கடத்திட்டீங்க. இதுல பிரபு யாரு, திருடன் யாருன்னுதான் எனக்குப் புரியல."

மூன்றாவது, பழைய கதவின் பூட்டு. அதை மருமகள் வர்ணிக்க வாயெடுப்பதற்கு முன்பே ஸ்டேஷன் மாஸ்டர் உருக்கிவிட்டார். உலைக்குத் துருத்தி ஊதியவர் சம்பந்தி. மருமகள் பேனாவைக் கீழே வைத்து, நெற்றியை இரு கைகளாலும் தாங்கிக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவள் தோற்றுவிட்டாள் என்று ஸ்டேஷன் மாஸ்டர் நினைத்தார். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. தேநீர்க் கோப்பைகளை அன்று அவரே எடுத்துப்போய்க் கழுவினார். வீட்டில் அது ஒரு சரித்திர நிகழ்ச்சி.

ராணி சபை நாளும் வந்தது. மருமகள் துப்பட்டாவைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டாள். முதுகு நிமிர்ந்தது. குரல் கனத்தது.

"கழுகுக்கோட்டைப் பிரபுவே! உமது பாட்டனார் கதவைத் திறந்து எதிரியை உள்ளே விட்டார் என்று நாடே பேசுகிறது. மறுப்பதற்கு உம்மிடம் சான்று உண்டா?"

ஸ்டேஷன் மாஸ்டர் நிஜமாகவே எழுந்து நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "நிரூபிக்கறதுக்கும் சான்று இல்லையே, மகாராணி."

"இந்நாட்டுச் சட்டம் அறிவீரா? பழியை மறுக்கச் சான்று காட்டாத வம்சம் பட்டத்தை இழக்கும். கொடி இறங்கும். கோட்டையின் சுவரோவியம் எங்கே?"

"சுண்ணாம்பு அடிச்சாச்சு."

"அன்று காவல் நின்ற முதியவர் எங்கே?"

"மாத்தல்ல போயிட்டார்."

"கதவின் பூட்டு?"

"உருக்கியாச்சு."

சொல்லச் சொல்ல அவருக்கே அது எப்படி ஒலிக்கிறது என்று தெரிந்தது. குற்றவாளிகூட இவ்வளவு சுத்தமாக வேலை பார்த்திருக்கமாட்டான். உதவிக்குச் சம்பந்தியின் பக்கம் திரும்பினார். சம்பந்தி மின்விசிறியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஓடவில்லை.

அப்போது ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார். "மகாராணி, ராட்சசி ஒண்ணு சொல்லலாமா?"

"சொல், வீராங்கனையே."

"ஏங்க," என்று அவர் கணவரிடம் திரும்பினார். ராட்சசி மாதிரி இல்லை, பெண்டாட்டி மாதிரியேதான் கேட்டார். "அந்தப் படத்தை நீங்க ஏன் பாக்கல?"

"அவசியமில்லைன்னு சொன்னேனே."

"பயம்னு சொல்லுங்க. ஏழு தலைமுறைன்னு சாப்பிடும்போதுகூடச் சொல்லிட்டு இருந்தீங்களே, உங்க தாத்தா மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா? சுண்ணாம்பு அடிக்கச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை கண்ணைத் திறந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். கதவுகிட்ட நின்னவன் கையில கம்பி. இடது கை. ஆறு விரல்."

எல்லோருடைய கண்களும் மெதுவாகச் சம்பந்தியிடம் போயின. சம்பந்தி தன் சொந்த இடது கையை, ஐந்தே விரல் உள்ள நிஜக் கையை, மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சுண்ணாம்பு வாளி ஞாபகம் வந்தது. குதிரை வந்தது. துருத்தி வந்தது. பெருந்தன்மையா? அன்றிரவு சோறுகூட இறங்காமல் இந்த மனுஷனுக்கு மனசுக்குள் கோயில் கட்டினோமே!

"சம்பந்தி!" என்றார். அந்த ஒரு சொல்லில் முப்பது ரயிலை நிறுத்தலாம்.

"அப்பா!" என்று ராணி துப்பட்டாவை இழுத்துக் கீழே போட்டாள். "நீங்களுமா மறைச்சீங்க? மாமாவுக்காகத்தான் இவ்வளவும் கட்டினேன். ஊரெல்லாம் பழி போட்ட வம்சம் சபைல நிரபராதியா நிமிர்ந்து நிக்கணும்னு. மூணு சாட்சியும் மாமா பக்கம்! மாமா முகத்தை நினைச்சாத்தான் சந்தோஷமா இருக்குன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன். நீங்க திருடன்தானே, தெரிஞ்சா சிரிச்சுட்டுப் போயிடுவீங்கன்னு நினைச்சேனே!"

"சிரிச்சிருப்பேன்மா" என்றார் சம்பந்தி. குரல் இறங்கியிருந்தது. "வேற யாரு எதிர்லயாவதுன்னா சிரிச்சிருப்பேன். சம்பந்தி எதிர்ல எப்படிம்மா சிரிக்கிறது? பொண்ணு வாழற வீடு. நாளைக்கு ஒரு பேச்சு வந்தா, 'உங்கப்பன் பரம்பரை தெரியாதா'ன்னு…"

"இது விளையாட்டுப்பா!"

"அதை உன் மாமாகிட்ட சொல்லு."

யாரும் சொல்லத் துணியவில்லை.

சம்பந்தி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். பஸ்ஸில் இருந்து இறங்குகிறவர்போல மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "மகாராணி, மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்லை. கதவைத் திறந்தது எங்க தாத்தா. பிரபு வம்சத்து மேல ஒரு குத்தமும் இல்லை. தண்டனையை எனக்குக் குடுங்க."

ஆக, வெற்றி. கொடி இறங்காது, பட்டம் போகாது, வம்சம் நிரபராதி. சொன்னது சம்பந்தியே, அதுவும் சபையில், நின்றபடி. ஸ்டேஷன் மாஸ்டர் உட்கார்ந்து காலை நீட்டியிருக்கலாம். ஆனால் அவர் உட்காரவில்லை. எதிரே ஒரு திருடன் தலை நிமிர்ந்து குற்றத்தை ஏற்கிறான். இங்கே ஒரு பிரபு, சுண்ணாம்பும் மாற்றல் உத்தரவும் கையுமாக, பிழைத்தோம் என்று நிற்கிறார். இந்த மேஜையில் இப்போது கௌரவமாக நிற்பவர் யார் என்று யாரும் அவருக்குச் சொல்லவேண்டியதில்லை. அதோடு இன்னொன்றும் உறுத்தியது. அது வேலை பார்த்த காலத்தின் உறுத்தல். சிக்னலைத் தாண்டி ரயில் வந்துவிட்டால், வந்த ரயிலை மட்டும் கேட்டுவிட்டு விசாரணை முடியாது.

"ஒரு நிமிஷம் மகாராணி" என்றார். "கோட்டைப் பூட்டு. பெரிய பூட்டு. கம்பி விட்டுத் திறக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

மருமகள் துப்பட்டாவை அவசரமாகத் தலையில் போட்டுக்கொண்டாள். "சிறிது நேரம் ஆகும், பிரபுவே."

"சத்தம் கேக்குமா?"

"கேட்கும்."

"அப்ப உள்ள டியூட்டில இருந்தது யாரு?"

"அந்தக் கிழவர் வெளிக்காவல்… உள்காவல்…" ராணி மறைந்து மருமகள் வெளியே வந்தாள். "அதை நான் யோசிக்கலையே மாமா."

"நான் யோசிச்சுட்டேன்." அவர் ஒரு முறை மனைவியைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னார். "சாவி யாருகிட்ட இருக்கோ, காவல் அவரோடது. சாவி எங்க தாத்தாகிட்ட. தூங்கிட்டார்."

"மாமா!"

"தூங்கிட்டார்மா. காசு வாங்கல, காட்டிக் குடுக்கல. டியூட்டில தூங்கிட்டார். திறந்தது அவங்க தாத்தா. திறக்க விட்டது எங்க தாத்தா. எழுதிக்கோ."

மனைவியின் கையில் ஊசி அப்படியே நின்றது. நாற்பது வருஷம் ராத்திரி டியூட்டி பார்த்து ஒரு தடவைகூடக் கண் அசராத மனிதர் தன் வம்சத்தின் தலையில் இதைத் தூக்கி வைக்கிறார் என்றால் அதன் கனம் மனைவிக்குத் தெரியும். லஞ்சம் வாங்கினார் என்றிருந்தால்கூட இந்த மனுஷனுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மருமகள் தடுப்புக்குப் பின்னால் குனிந்திருந்தாள். அவள் மாதக்கணக்கில் கட்டியது மூன்று சாட்சிகள், ஒரு சபை, ஒரு விடுதலை. அதில் எதுவும் நடக்கவில்லை. நடந்தது அவள் எழுதாத ஒன்று. நிமிர்ந்தபோது கண் ஈரமாகவும் வாய் சிரிப்பை அடக்கிக்கொண்டும் இருந்தது.

"தீர்ப்பு" என்றாள். "ஒருவர் திறந்தார், ஒருவர் தூங்கினார். ஆகவே இன்றுமுதல் இரு வம்சத்தாரும் அந்தக் கதவருகே சேர்ந்து காவல் நிற்கவேண்டும். கொடி இறங்காது."

"சேர்ந்தா?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"ஒரே கதவு தானே சம்பந்தி" என்றார் சம்பந்தி, சிரிப்பு மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

"திருடனைக் கதவுகிட்ட நிறுத்தறது என்ன நிர்வாகம்?"

"தூங்குமூஞ்சியை நிறுத்தறது மட்டும் நிர்வாகமா?"

"முதல் காவல் எனக்கு."

"ஏன் உங்களுக்கு? குத்தம் ஒத்துக்கிட்டதுல நான்தான் சீனியர்."

"கதவு என்னுது!"

"பகடை உருட்டுங்க ரெண்டு பேரும்" என்றாள் ராணி. "பெரிய எண்ணுக்கு முதல் காவல்."

சம்பந்தி உருட்டினார். பதினேழு. கைதட்டிக்கொண்டார்.

ஸ்டேஷன் மாஸ்டர் பகடையை இரண்டு கைக்குள்ளும் வைத்துக் குலுக்கி உருட்டினார். அது பிஸ்கட் தட்டில் மோதி அவர் பக்கமே திரும்பி வந்து நின்றது. நின்ற மறுநொடி அவருடைய உள்ளங்கை அதன்மேல் விழுந்தது.

"பதினெட்டு" என்றார்.

"கையை எடுங்க" என்றார் மனைவி.

"பதினெட்டுன்னு சொன்னேன்."

"எடுங்கன்னா!"

மருமகள் தடுப்பைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். கையை எடுக்கச் சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தி நாற்காலியைக் கதவு இருக்கவேண்டிய பக்கமாகத் திருப்பிப் போட்டு, அதன் முதுகைத் தட்டிக் காட்டினார்.

"பதினெட்டேதான்" என்றார். "நான் என் கண்ணால பாத்தேன். உக்காருங்க சம்பந்தி."